வெள்ளானூர் மண்டபத்தின் நாலாவது அறை

மத்தியானம் இரண்டரை மணி. வெளிவட்டச் சாலையிலிருந்து வெள்ளானூர் பக்கம் இறங்குகிற மண் ரோடு. ஆள் இல்லை. நாய்கூட இல்லை... இரண்டு பக்கமும் பிளாட் போட்டு நட்ட கல்லும், வெளுத்துப்போன சிவப்புக் கொடியும்தான்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் வர இன்னும் நேரம் ஆகும். அந்த செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள்... கண்ணைக் குத்துகிறது.

இது என் நண்பன் மோகனின் தங்கை புருஷனுக்கு நடந்தது. பெயர் தமிழரசு. திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. மனைவி சித்ராவுக்கு ஏழாவது மாதம். அன்று சாயங்காலம் அவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போக வேண்டும். இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்... வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவது.

அவன் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய மண்டபங்களில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு பெட்டி இருக்கும். ப்ராசஸர் என்பார்கள். எந்த மைக் எந்த ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், எது எவ்வளவு சத்தம், எல்லாம் அதற்குள்தான். வெளியே ஒரு திருகு, ஒரு பொத்தான் இருக்காது. லேப்டாப்பில் அதற்கென்று இருக்கிற சாஃப்ட்வேரைத் திறந்து, ஒயரைச் சொருகி, அதன் வழியாகத்தான் பெட்டியோடு பேச முடியும். அந்த வேலையைத்தான் அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்காக மோகனும் தமிழரசுவும் செய்தார்கள். மோகன்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டது.

மண்டபத்தில் புகார் இதுதான். வரவேற்பு நடக்கும்போது ஸ்பீக்கரில் தட்டுகிற சத்தம் வருகிறது. டொக்... டொக்... பாட்டுக் கச்சேரி வைத்தால் பாட்டுக்கு நடுவில். புரோகிதர் மைக் பிடித்தால் மந்திரத்துக்கு நடுவில்.

தமிழரசு போய் இறங்கியபோது காவலாளி ஏகாம்பரம் மட்டும் இருந்தார். சேர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா சார். கல்யாண ஊட்ல பொண்ணோட அப்பா என்னைப் பாத்து மொறைக்கிறான். நான் இன்னாத்தத் தட்டுறேன்? எனக்கு முட்டி வலி, எய்ந்து நிக்கறதே பெரிசு."

மேடைக்குப் பின்னால் சின்னதாக ஓர் அறை. ஜன்னல் கிடையாது. ப்ராசஸர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஒரு இரும்பு அடுக்கில். ஏசி ஓடவில்லை. சூடான தூசியின் வாசனை. தமிழரசு தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். கம்பெனியில் வைத்திருந்த அந்த மண்டபத்து ஃபைல் கையில் இருந்தது. மண்டபம் மூன்று ஹால். நடுவில் மடிப்புச் சுவர். பெரிய கல்யாணம் என்றால் சுவரை ஒதுக்கி ஒன்றாக்குவார்கள். திரையிலும் அப்படித்தான்... மூன்று கட்டம், நடுவே கோடு. கோட்டைத் தொட்டால் இரண்டு ஹாலின் சத்தமும் ஒன்று சேரும்.

பெட்டி கிடைக்கவில்லை என்றது சாஃப்ட்வேர். அது வழக்கம்தான். வைஃபையை அணைத்தான். லேப்டாப்புக்கு நெட்வொர்க் நம்பர் மாற்றிக் கொடுத்தான். ஃபயர்வாலை நிறுத்தினான். மறுபடி தேடச் சொன்னான். பெட்டி வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது.

பெட்டியில் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் ஒன்றாக இல்லை. பெட்டியில் இருப்பதை எடுக்கவா? உங்களுடையதை அனுப்பவா?

இந்தத் தொழிலில் கைவிட்டுப் போகிற இடம் இது. அனுப்பு என்று கொடுத்துவிட்டால் பெட்டிக்குள் அதுவரை இருந்தது அழிந்துவிடும். அப்படி ஒன்று இருந்ததாகவே தெரியாது. திரும்பவும் வராது. அவசரக்காரன் அனுப்புவான். வேலை தெரிந்தவன் முதலில் எடுப்பான். தமிழரசு வேலை தெரிந்தவன்.

எடுத்தான்.

திரையில் நான்கு கட்டம் வந்தது.

எழுந்துபோய் எட்டிப் பார்த்தான். "அண்ணாத்தே, இங்க ஹால் எத்தினி?"

"மூணு தான் சார்."

"நாலாவதா ஏதாச்சும் ரூம்..."

"இதுக்கு அந்தாண்ட ஏரி சார். மொதலாளி வுட்டா அதுலயும் கட்டுவாரு. இன்னும் கட்டல."

திரும்பி வந்தான். நாலாவது கட்டத்தில் ஒரு மைக் இருந்தது. அதன் பச்சை விளக்கு... ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. மூச்சு விடுகிற கணக்கு.

பெட்டியின் பின்பக்கம் பார்த்தான். அந்த மைக்குக்கு உரிய துளையில் ஒயரே இல்லை.

ஹெட்போனைச் சொருகி அந்த மைக்கை அதற்குத் திருப்பினான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பலகையில் விரல் முட்டி படுகிற சத்தம். டொக். டொக். நின்றது. யாரோ காதுக்குள்ளேயே எச்சில் விழுங்கினார்கள்.

"அனுப்பிடாதீங்க..."

தமிழரசு கையை எடுத்துக்கொண்டான். அடுக்கில் சோதனைக்கு வைத்திருந்த மைக்கை எடுத்து, அதை நாலாவது அறைக்குத் திருப்பிவிட்டுக் கேட்டான். "யாரு?"

"நான் தேவராஜ். இந்த மண்டபத்துக்கு லைன் போட்டவன். உங்க கம்பெனிதான்."

தமிழரசுவுக்குச் சிரிப்புதான் வந்தது. "மாமே, வெளையாடாதே. தேவராஜ் காலைல என்கூட டீ குடிச்சாரு. பன் வாங்கிக் குடுத்தாரு."

ஹெட்போனில் மறுபடி ஒரு டொக்.

"அவன் நான் இல்ல."

வெளியே ஏகாம்பரம் சேர் இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது ஒரு தைரியம்.

"கல்யாணம் கல்யாணமா போவுது நைனா. மேளம் கேக்குது, சாம்பார் வாசனை வருது, பசங்க ஓடுது. நான் தட்டுறேன். சத்தமா வந்தா இன்னா பண்றானுங்க தெரியுமா? மைக்கைக் கொறைக்கிறானுங்க. ஒருத்தனும் காது குடுத்துக் கேக்கல. நீ ஒருத்தன்தான் எடுத்துப் பாத்தே. ஒனக்கு மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கோடு தெரியுதா?"

தெரிந்தது.

"தொறந்து உடு. நான் வெளிய வந்துடுவேன்."

அது பொய் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழரசு யோசித்தான். அந்தக் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்ட குரல். அதுதான் அவனை என்னவோ செய்தது. கோட்டைத் தொட்டான்.

பின்னால் மடிப்புச் சுவர் நகர்கிற சத்தம். சக்கரம் தண்டவாளத்தில் உருளுகிற சத்தம்... கிரீச்... நீளமாக. குளிர் காலில் ஏறியது. ஈரச் சுண்ணாம்பும் புதுப் பசையும் கலந்த வாசனை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது கட்டத்தில் பச்சை விளக்கு அணைந்தது. மூன்றாவது ஹாலில் எரிந்தது. இரண்டாவதில் எரிந்தது. முதலாவதில்... யாரோ நடந்து போகிற மாதிரி. ஹெட்போனில் செருப்புச் சத்தம்.

ஏகாம்பரத்தின் குரல். "இன்னா சார், முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணாத்தே. இனிமே வராது."

அது தமிழரசுவின் குரல்... ஆனால் தமிழரசு வாயைத் திறக்கவே இல்லை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவுக்குத் திரும்பினான். கதவு இல்லை. பலகைச் சுவர். தடவிக்கொண்டே போனான். மூலை. மறுபடி சுவர். மூலை. மறுபடி சுவர். இரும்பு அடுக்கு இருந்த இடத்திலும் சுவர். கத்தினான். கத்தல் அறைக்குள்ளேயே நின்றது. எங்கோ தொலைவில் அவனுடைய வண்டி கிளம்பியது... மண் ரோட்டில் போனது... தேய்ந்தது.

லேப்டாப் மட்டும் எரிந்தது. நாலு கட்டம். நாலாவதில் பச்சை விளக்கு. அவன் மூச்சு விட்டால் ஏறியது. மூச்சை அடக்கினான். இறங்கியது. கோட்டைத் தொட்டான். மாறவில்லை. மறுபடி தொட்டான். பெட்டி இணைப்பில் இல்லை என்று வந்தது. பேட்டரி பாதி இருந்தது. அது பாதியிலேயே நின்றது. குறையவே இல்லை.

பசிக்கவில்லை. தூக்கம் வரவில்லை. கல்யாணங்கள் வந்தன. நாதஸ்வரம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். யாரோ மைக்கில் மாப்பிள்ளை வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அவன் தட்டுவான். விரல் முட்டியில் தோல் உரிந்தது. வலிக்கவில்லை. "சித்ரா" என்று கத்துவான். மேளம் அடிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்வார்கள். உடனே யாரோ ஒருவன் மைக்கை அணைப்பான். அவ்வளவுதான். காதைப் பஞ்சால் அடைத்த மாதிரி. சொந்தக் குரல்கூடச் சொந்தக் காதுக்குக் கேட்காது. அடுத்த கல்யாணம் வரைக்கும் அப்படியே.

ஸ்கேன் என்ன ஆயிற்று, குழந்தை சரியாக இருக்கிறதா... அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தானாம்.

வீட்டுக்கு ஒருவன் போனானே, அவன் இருட்டுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். சித்ராவை ஸ்கேனுக்கும் அழைத்துப் போனான்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றுதானே பார்க்கிறீர்கள்? வீட்டுக்கு வந்தவன் சொல்லவில்லை.

மண்டபத்தில் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. முதலாளி கம்பெனிக்குப் போன் செய்து கத்தினார். தமிழரசுவை அனுப்பலாம் என்றால் அவன் வேறு வேலை இருக்கிறது என்றான். மோகன் போனான். அதே அறை. அதே கேள்வி. எடுக்கவா, அனுப்பவா? மோகனும் வேலை தெரிந்தவன். எடுத்தான். நான்கு கட்டம். பச்சை விளக்கு. ஹெட்போனை மாட்டி, சோதனை மைக்கை அந்த அறைக்குத் திருப்பினான்.

"மச்சான்..."

இவ்வளவு நேரம் நான் சொன்னது எல்லாம் அந்த ஹெட்போனில் மோகன் கேட்டது. கடைசியில் மோகன் அந்தக் கோட்டுக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோனான். உள்ளே தமிழரசுவின் திரையில் அந்தக் கோடு துடித்திருக்க வேண்டும்.

"தொடாத மச்சான்! தொட்டா நீ உள்ள வந்துடுவே. நான் உன் மூஞ்சிய வச்சிகினு வெளிய நடப்பேன். வாணாம். சித்ராவுக்கு அண்ணன்னு நெஜமா ஒருத்தன் வெளிய இருக்கணும்."

"மாப்ள, வேற வழி?"

"யோசி. நான் இங்கதான் கீறேன். எங்க போவப்போறேன்? அனுப்ப மட்டும் அனுப்பிடாத. அனுப்புனா இந்த ரூமே இல்லாமப் போயிடும். மொதல்ல சித்ராவ அந்த ஊட்லர்ந்து கூட்டிகினு வந்துடு."

மோகன் எதையும் தொடாமல் லேப்டாப்பை மூடினான். நேராகத் திருமுல்லைவாயில் போனான். சித்ரா கதவைத் திறந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"சேக்காட்டுக்கு வா சித்ரா. நம்ம வீட்ல நாலு நாள் இரு."

"எதுக்குண்ணா? இவரு என்னை ஒரு வேலை செய்ய விட மாட்றாரு. முன்ன மாதிரி இல்ல. கோவமே வர்றது இல்ல. ராத்திரில நான் பொரண்டு படுத்தாகூட எழுந்து உக்காந்துக்கறாரு." சிரித்தாள். "இப்பத்தான் புருஷன் மாதிரி கீறாருன்னு நானே கிண்டல் பண்றேன்."

அவளிடம் என்னவென்று சொல்வது? சொல்லிப் பாருங்கள் உங்கள் தங்கையிடம்.

அவன் உள்ளேயிருந்து வந்தான். அதே சட்டை. அதே நடை. "வாங்க மச்சான், சாப்பிடலாம்" என்றான். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவனே பரிமாறினான். மோகனின் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"மண்டபத்துல எடுத்தீங்களா, அனுப்புனீங்களா?"

மோகன் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"எடுத்திருப்பீங்க. நீங்க வேலை தெரிஞ்சவரு." கரண்டியைக் கீழே வைத்தான். "ரொம்ப நேரம் கேட்டுட்டு இருந்தீங்களோ? விடுங்க மச்சான். நானே போயி அனுப்பிட்டு வந்துடறேன்."

மோகன் இதை எங்களிடம் சொன்னது நேற்று ராத்திரி. இன்று வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டான். சித்ரா வீட்டில் இருக்கிறவனுக்கு முன்னால் போய்விட வேண்டும்... பெட்டிக்குப் போகிற கரண்டையாவது பிடுங்கிவிட வேண்டும். வெளிவட்டச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஏகாம்பரம். வண்டியை ஓரம் கட்டி எடுத்தான்.

"சார், உங்க மாப்ள விடியக்கருக்கல்லயே வந்துட்டாரு சார். தங்கமான மனுசன். லேப்டாப்புல ஒரே ஒரு தபா தட்டுனாரு, அவ்ளோதான். நானே மைக்ல ஊதிப் பாத்தேன். சுத்தமா கீது சார்... ஒரு மூச்சு சத்தம்கூட இல்ல."