பேய் வேசத்துக்கு எடுத்த துணி

பஸ்மிலா: வெளிய வராதீங்க. கதவுக்கு வெளியால கொண்டி போட்டிரிக்கன்.

சப்ரி: ஏன் புள்ள? பேய் எழும்புற கட்டம் இப்பதான் கைக்கு வருது, அதுக்குள்ள...

பஸ்மிலா: வாசல்ல அம்பது கதிரை வந்து இறங்கியிரிக்கி.

சப்ரி: நாடகம் மண்டபத்திலதானே? இஞ்ச எதுக்குக் கதிரை?

பஸ்மிலா: இது ஜனாஸாச் சங்கத்துக் கதிரை, செத்த ஊட்டுக்குப் போடுற.

சப்ரி: யாரு மௌத்து?

பஸ்மிலா: அதத்தான் அவங்க என்னட்டக் கேக்காங்க. காலையில அச்சிமுகம்மது முதலாளிட கடையில என்ன வாங்கின?

சப்ரி: பேய் வேசத்துக்கு வெள்ளத் துணி. ஒரு ஆளச் சுத்துற அளவு.

பஸ்மிலா: வேற?

சப்ரி: கற்பூரம், பன்னீர், அத்தர்... மணம் இல்லாட்டி எனக்குப் பேய் வராது.

பஸ்மிலா: அவர் ஒன்டும் கேக்கல்லயா?

சப்ரி: யாருக்கு என்டு கேட்டார். நான் வாய் திறக்கல்ல. மூணு நாளா யாரோடயும் கதைக்காமத்தானே பழகுறன்.

பஸ்மிலா: என்னோட கதைக்கீங்களே.

சப்ரி: சோறு கேக்கணுமே.

பஸ்மிலா: வாய் திறக்காம என்ன செஞ்சீங்க?

சப்ரி: நெஞ்சில கைய வெச்சு அழுதன். சும்மா இல்ல புள்ள, கண்ணீர் நிக்காம ஓடிச்சு. முதலாளியும் அழுதார். காசு தந்தன், வேணாம் என்டுட்டார். பன்னிரெண்டு வருசமா பொலிசும் போடியாரும் கட்டினவன், முதல் தரம் ஒருத்தர அழ வெச்சன்.

பஸ்மிலா: அவர் மையித்துக்குச் சுத்துற கபன் துணிக்குக் காசு எடுக்காத மனுசன். நன்மைக்குக் குடுக்கிற. நீங்க வந்த கையோட கடையப் பூட்டிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடியிரிக்கார். ஊரெல்லாம் அறிவிச்சாச்சு. வரிப்பத்தான்சேனைக்கு, என்ட காக்காட ஊட்டுக்கும் ஆள் போயிரிக்கி.

சப்ரி: உன்ட காக்காக்கா? அவர் எங்க வரப்போறார். "உன்ட புருசன்ட மையித்துக்கும் வரமாட்டன்" என்டு சத்தியம் பண்ணின ஆள்.

பஸ்மிலா: யார் பண்ண வெச்ச? வயல்காரப் போடியார் வேசத்துக்கு அவர்ர நடையப் போட்டு ஊரையே சிரிக்க வெச்சீங்க. ஆறு வருசம். மகன்ட சுன்னத்துக்கும் வரல்ல. சந்தையில கண்டா அடுத்த பக்கம் போறார். எனக்குக் கூடப்பொறந்தது ஒரே ஒரு காக்கா.

சப்ரி: சரி சரி... யாரு மௌத்தென்டு நினைக்காங்க?

பஸ்மிலா: நான் உயிரோட நிக்கன். உம்மா தேத்தண்ணி ஊத்துறா. புள்ளைகள் கதிரையில ஏறி ஆடுது. காணாத ஆள் நீங்க மட்டும்தான்.

சப்ரி: என்னத்தான் முதலாளி காலையில கண்டாரே.

பஸ்மிலா: அத அவர் யோசிச்சுப் பாத்திட்டார். மூஞ்சி வெள்ள வெளேரென்டு இரிந்திச்சாம், வாய் திறக்கல்லயாம், யாருக்கு என்டதுக்கு நெஞ்சில கைய வெச்சாராம். அப்ப கடைக்கு வந்தது சப்ரி இல்ல, உடம்ப விட்டுப் பிரிஞ்ச அவர்ர ரூஹு என்டு நடுங்குறார்.

சப்ரி: உண்மையாவே நடுங்குறாரா?

பஸ்மிலா: சந்தோசப்படாதீங்க.

சப்ரி: கோதும மா ரெண்டு கரண்டிதான் பூசின... மத்த ஆக்கள் என்ன கதைக்காங்க?

பஸ்மிலா: நல்ல மனுசனாம்.

சப்ரி: பிறகு?

பஸ்மிலா: விடுங்க.

சப்ரி: சொல்லு புள்ள.

பஸ்மிலா: நடிப்பு மட்டும் வராதாம். மௌத்தான ஆளக் குறை சொல்லப்படாது என்டு அதோட நிப்பாட்டிட்டாங்க.

சப்ரி: கொண்டியக் கழட்டு. போய்க் காட்டுறன்.

பஸ்மிலா: இந்தக் கோலத்திலயா? முன் கதிரையில முதலாளி. போன வருசம் நெஞ்சில ஒப்பரேசன் செஞ்ச ஆள். இன்னும் கொஞ்சம் பொறுங்க.

சப்ரி: நாலு மணிக்கு மேடை புள்ள.

பஸ்மிலா: பொறுங்க என்டன்தானே. கபுறுக் குழி வெட்டுற ஆக்களும் வந்து நீளம் கேட்டாங்க. அஞ்சே முக்கால் அடி என்டன்.

சப்ரி: ஆறு.

பஸ்மிலா: செருப்போட.

சப்ரி: நீளம் சொன்ன வாயால, ஆள் உயிரோட இரிக்கார் என்டு சொல்ல ஏலாதா?

பஸ்மிலா: ஏலும்... ஏலாம இல்ல.

சப்ரி: என்ன, அழுறியா?

பஸ்மிலா: முதல் கதிரை இறங்கக்குள்ளயே சொல்லியிரிக்கலாம். வரிப்பத்தான்சேனைக்கு ஆள் போகுது என்டதும் எனக்கு நாக்கு எழும்பல்ல. காக்கா வாறாரா பாப்பம் என்டு... அல்லாஹ் மன்னிக்கணும்.

சப்ரி: வந்தாரா?

பஸ்மிலா: இப்பதான். வயலால அப்படியே வந்திரிக்கார், முழங்கால் வரைக்கும் சேறு. கேற்றப் புடிச்சிக்கிட்டு அழுறார்.

சப்ரி: அப்ப கதவத் திற.

பஸ்மிலா: அடிப்பாரே.

சப்ரி: அடிக்கட்டும். அடிக்கிறதுக்காவது ஊட்டுக்குள்ள வரணும்தானே.

பஸ்மிலா: முதல்ல மூஞ்சக் கழுவுங்க. நாலு மணி நாடகத்துக்குத் திரும்பப் பூசிக்கலாம்.

சப்ரி: நாடகம் எங்க புள்ள... அது போன மாசமே நின்டு போச்சு. மூணு நாளா நான் பழகினது உன்ட காக்காவக் கொண்டாறதுக்கு.