இரண்டு இதழும் ஓர் உதடும்

ஒரு பூவுக்கு எத்தனை இதழ் என்று ஆரணியில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ஐந்து என்பார்கள். நானும் இருபது வருடம் ஐந்து இதழ் போட்டே பிழைத்தேன். புடவைக்கு டிசைன் வரைகிறவனுக்கு அது போதும். கட்டம் போட்ட தாளில் நடுவே ஒரு புள்ளி, சுற்றி ஐந்து வட்டம்; ரோஜா என்று சொல்லி விற்றால் ரோஜா, தாமரை என்று சொல்லி விற்றால் தாமரை. வாங்கின கடைக்காரரும் கேட்டதில்லை, கட்டிக்கொண்ட பெண்ணும் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் எழிலரசி மேடம் நேற்று வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, "என்ன நடந்தது, ஏன் நடந்தது, உங்க கையாலயே எழுதுங்க" என்றார். ஏன் என்ற இடத்தில் என்ன வரும் என்று அவருக்கு ஏற்கெனவே ஓர் எண்ணம் இருக்கிறது. சாதி என்று போடப் பார்க்கிறார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. காரணம் ஒரு பூ. அந்துப்பூச்சி ஆர்க்கிட் என்று அதற்குப் பெயர். அந்தப் பூ உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாமல் என்னைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் தனசேகரன், வயது நாற்பத்து நான்கு, தொப்பைக்கு வயது பத்து. தறியில் உட்கார்ந்தால் என் இடது காலும் வலது காலும் பங்காளிச் சண்டை போடும். என் அப்பா வீரபாகு மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ குந்தினா தறிக்கே மூட்டு வலி வருதுடா" என்று எழுப்பி விட்டார். அப்படித்தான் பென்சில் கைக்கு வந்தது. கல்யாணம் ஆகவில்லை. நான் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள், அதோடு சரி. சீரியலில் மாமியார் அழுதால்கூட எனக்குக் கண் கலங்கும். கரப்பான் பூச்சியை முறத்தில் ஏந்திக்கொண்டு போய்த் தெருவில் விடுகிறவன். தெருவில் விசாரித்துக்கொள்ளலாம்.

சுகன்யா என் ஒரே தங்கை. என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தலை வாரி விட்டவன் நான். ரெட்டைப் பின்னல் என் கையில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்றுதான் வரும். பள்ளிக்கூடத்தில் அவளைத் தராசு என்று கூப்பிட்டார்கள். அவளைச் சிரிக்க வைப்பதுதான் எனக்கு முழுநேர வேலை, டிசைன் எல்லாம் பகுதிநேரம். வேலூரில் தாவரவியல் எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தேன். எங்கள் மாமா மகன் விக்னேஷுக்கு அவளைக் கொடுப்பதென்று அவள் பத்தாவது படிக்கும்போதே பேசி முடித்திருந்தோம். அவளைக் கேட்டீர்களா என்றார் மேடம். நல்லது செய்வதற்கு யாராவது கேட்டுவிட்டுச் செய்வார்களா?

அன்பழகன் அவளோடு படித்தவர். தேசூர் பக்கம் ஒரு கிராமம், அங்கே ஊருக்கு வெளியே இருக்கிற பகுதி. அப்பா காத்தவராயன் அறுவடைக்குப் போகிறவர். மகன் ஓசூரில் ஆர்க்கிட் வளர்க்கிற பண்ணையில் நல்ல வேலையில் இருந்தார். தை மாதம் ஊருக்கு வரும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு தொட்டி கொண்டுவந்து கொடுத்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். டீ கொடுத்தேன், பேப்பர் கப்பில். அவருக்காகவே ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தேன். அது சுகாதாரம் கருதி.

அந்தத் தொட்டியில் வளைந்த காம்பு ஒன்று, அதில் வரிசையாக ஏழு வெள்ளைப் பூ. காற்றடித்தால் பூச்சிகள் பறக்கப் போவதுபோல அசையும். நான் பார்த்த உடனே, "அஞ்சு இதழ்தானே, நமக்குத் தெரிஞ்ச கணக்குதான்" என்றேன்.

"இல்லீங்கண்ணா" என்றார் அன்பழகன். "இதழ் ரெண்டுதாங்க."

நான் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் லென்ஸை வாங்கி ஒரு பூவின்மேல் பிடித்தார். வெளியே மூன்று, மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக. பார்க்க இதழ்போலவே இருக்கும். ஆனால் அவை மொட்டாக இருந்தபோது பூவைப் பொத்தி வைத்திருந்த உறை, புல்லி இதழ்கள். உள்ளே இரண்டு பக்கமும் சிறகுபோல அகன்று இருப்பவை மட்டும்தான் உண்மையான இதழ்கள். மூன்றாவது இதழ் ஒன்று உண்டு, அது உருமாறி உதடாகிவிட்டது. உதட்டின் நுனியில் மீசை முறுக்கினதுபோல இரண்டு சுருள், அடியில் சிவப்புப் புள்ளி வைத்த மஞ்சள் மேடு. பூச்சி வந்து உட்கார அதுதான் இடம். மொட்டில் அந்த உதடு மேல்பக்கம் இருக்குமாம். விரியும்போது காம்பு அரைச் சுற்று முறுக்கிக்கொண்டு, உதட்டைக் கீழே கொண்டுவந்து வைக்குமாம், வருகிறவருக்குப் பாய் விரிக்கிறதுபோல.

நடுவே வெள்ளையாக ஒரு குட்டித் தூண். ஆணும் பெண்ணும் அந்த ஒரே தூணில். அதன் முனையில் பால்பல் அளவுக்கு ஒரு தொப்பி. தொப்பிக்குள் மஞ்சளாக இரண்டு மகரந்த உருண்டை. தொப்பிக்குக் கீழே பிசுபிசுப்பாக ஒரு குழி, அது பெண் பாகம். உருண்டைகளுக்கும் குழிக்கும் இடையில் மெல்லிய சவ்வு, சுவர் மாதிரி.

எனக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். இருபது வருடமாக நான் பூவே வரையவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுகன்யாவின் முகூர்த்தப் புடவையில் இதைத்தான் போடுவது, முந்தானை முழுக்க, சவ்வுகூட விடாமல் என்று முடிவு செய்தேன். வைகாசியில் முகூர்த்தம். பூ மூன்று மாதம் வாடாது என்றார் அன்பழகன். மகரந்தம் சேராதவரைக்கும் அது அப்படியே காத்திருக்குமாம். சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் தொங்கிவிடுமாம்.

காத்திருக்கிறவரைக்கும்தான் அழகு. இதை நான் சொல்லவில்லை, பூ சொல்கிறது. எங்கள் தொழிலும் அதைத்தான் சொல்கிறது. பட்டுப்பூச்சியும் ஓர் அந்துப்பூச்சிதான். கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே பறக்க விட்டால் நூல் துண்டு துண்டாகப் போகும். அதனால் பறப்பதற்கு முன்பே கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். அந்த வேலை கர்நாடகாப் பக்கம் நடக்கிறது. நாங்கள் நூலை மட்டும் வாங்குகிறோம். எங்கள் கை சுத்தம்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்பழகன் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஊதாப் பூ வைத்த தொட்டி. சுகன்யா கேட்டு வாங்கி வரச் சொன்னாளாம். எனக்கு அன்றைக்கு நல்ல மனநிலை. முந்தானைப் படத்தைப் பாதி முடித்திருந்தேன். இருவரையும் உட்கார வைத்து என் படத்தைக் காட்டி, அந்தச் சவ்வின்மேல் பென்சிலை வைத்துச் சொன்னேன். "பாத்தீங்களா தம்பி, பூவுக்கே தெரியுது. நடுவுல சுவரு வெச்சிகினு கீது. அதது அதது எடத்துல இருக்கணும்னு."

பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னேன். புரிய வேண்டியவர்களுக்குப் புரியட்டும் என்று.

அன்பழகன் தலையைக் குனிந்துகொண்டே, ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "அண்ணா, அது வெளியாளைத் தடுக்கிற சுவரு இல்லீங்க. தன் மகரந்தம் தன் மேலயே வுழுந்துடக் கூடாதுன்னு இருக்கிற சுவருங்க. சொந்தத்துக்குள்ளயே முடிஞ்சா விதை நல்லா இருக்காது. வேற செடியிலிருந்து வரட்டும்னுதான் பூ இவ்ளோ பாடு படுது."

சுகன்யா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை விளக்க வேண்டும். அவள் சின்ன வயதிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள். அன்று பொத்தவில்லை. "அண்ணா, உன் சுவரு போச்சேண்ணா" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். அந்த வீட்டில் அவளை அப்படிச் சிரிக்க வைத்தவர் என்னைத் தவிர வேறு யாரும் அதுவரை இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். என் தொப்பை குலுங்கியது என்று நினைவு.

பிறகு அவள்தான் கேட்டாள். "ஊதாவையும் வெள்ளையையும் சேத்துப் பாக்கலாமாண்ணா? காய் வந்தா புதுசா ஒரு பூ வரும்."

"பூ வாடிடுங்கண்ணா, யோசிச்சிக்கோங்க" என்றார் அன்பழகன்.

"செய்யுங்க, செய்யுங்க. எனக்கு இன்னா பேஜாரு?" என்றேன். மரியாதைக்குச் சொன்னது. மரியாதைக்குச் சொல்வதையெல்லாம் ஒருவர் எடுத்துக்கொள்ளலாமா?

பல் குத்தும் குச்சி ஒன்றை வாங்கி ஊதாப் பூவின் தொப்பியை மெல்லத் தூக்கினார். மஞ்சள் உருண்டை இரண்டும் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தன. அதை வெள்ளைப் பூவின் குழியில் வைத்தார். ஏழு பூவுக்கும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் சுகன்யா லென்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குச்சி பிடித்த கையும் லென்ஸ் பிடித்த கையும் ஒட்டி நின்றன. நான் படத்தைச் சுருட்டி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏழு பூவும் தலை தொங்கிவிட்டன. இதழ் இரண்டும் ஈரத் துணிபோல மடிந்து அந்தத் தூணை மூடிக்கொண்டன. இதுதான் காரணம். பூ வாடியது, புடவை நின்றது. எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை அன்பழகனுக்குப் போன் செய்தேன். "தம்பி, பூ தொங்கிப்போச்சு. காய் புடிச்சிருக்கான்னு ஜல்தியா வந்து பாருங்க" என்றேன். அந்த வாரம் ஊரில்தான் இருந்தார், சந்தோஷமாக வந்தார். சுகன்யா பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போயிருந்தாள். பகல் இரண்டு மணி. எங்கள் தெருவில் அந்த நேரம் எல்லா வீட்டிலும் பவர்லூம் ஓடும். பக்கத்தில் நின்று கூப்பிட்டால்கூடக் காதில் விழாது. லென்ஸைக் கொடுத்தேன். குனிந்தார். தறியில் துணி சுற்றுகிற கட்டையை இறுக்க ஓர் இரும்புக் கம்பி உண்டு, முழங்கை நீளம். தறியில் அதைப் பிடிக்க எனக்கு வந்ததே இல்லை. அன்றைக்கு வந்தது.

முதல் அடியில் லென்ஸ் கீழே விழுந்தது. அவர் திரும்பி, "அண்ணா, பாருங்க" என்றார். எதைப் பார்க்கச் சொன்னார் என்று இன்னும் தெரியவில்லை. காய் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஐந்து அடி அடித்ததாக என் கணக்கு. ஆறு என்கிறது ஆஸ்பத்திரி அறிக்கை. இப்படி எண்ணுவதில் நான் எப்போதுமே ஒன்று குறைவாகத்தான் வருவேன். மண்டை ஓடு உடைகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. தேங்காயை நனைந்த சாக்கில் சுற்றி உடைத்ததுபோல. கடைசி இரண்டு அடியின்போது அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவை எனக்காக அடித்தது.

கம்பியைக் கழுவிக்கொண்டிருந்தபோது சுகன்யா வந்துவிட்டாள். அரை நாள் விடுப்பு எடுத்திருக்கிறாள். அவரே போன் பண்ணி வரச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, காயைப் பார்க்க. அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து அந்தத் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, துப்பட்டாவால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இவரு என் வூட்டுக்காரருண்ணா. சேத்துப்பட்டுல ரிஜிஸ்டர் பண்ணி மூணு வாரம் ஆவுது. உன்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு நெனச்சிகினே இருந்தேன். ஞாயித்துக்கெழமை நீ சிரிச்சதப் பாத்து, இனிமே சொல்லலாம்னு இவருதான் சொன்னாரு."

அதுவரை நான் பதறவில்லை. அதற்குப் பிறகும் பதறினேன் என்று சொல்ல முடியாது. அவளுக்கு ஒரே ஓர் அடிதான். வலிக்காமல் பார்த்துக்கொண்டேன் என்று எழுத ஆசை. ஆனால் அவள் முகத்தைத் திருப்பவில்லை, கண்ணை மூடவும் இல்லை. அதனால் எழுத முடியவில்லை.

இந்த ஓர் அடிக்கு எந்தப் பூவைச் சொல்வீர்கள் என்று மேடம் கேட்டார். நியாயமான கேள்விதான். சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டவள் அவள்தானே என்றேன். அவள் தலை கலைந்திருந்ததைச் சரி செய்து, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இன்று காலை நாலைந்து தாள் நீட்டினார்கள். இரண்டு பேரைக் கொன்றேன் என்று இருந்தது, கையெழுத்துப் போட்டேன். கம்பி என்னுடையது என்று இருந்தது, போட்டேன். ஏட்டையாவின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தேன். ஒரே ஒரு தாளில் மட்டும் போடவில்லை. அதில் சுகன்யா, வயது 26, க/பெ அன்பழகன் என்று இருக்கிறது. இரண்டு உடலையும் கேட்டுக் காத்தவராயன் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாராம். ஒரே குழியில் வைக்கப் போகிறாராம்.

மேடம், எனக்குத் தூக்கு என்றாலும் சரி, ஆயுள் என்றாலும் சரி, வக்கீல்கூட வேண்டாம். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, த/பெ வீரபாகு என்று போட்டுக் கொடுங்கள். என் தங்கையை அவன் பெண்டாட்டி என்று எந்தக் காகிதத்திலும் எழுதக் கூடாது. அவன் ஊர் மண் அவள்மேல் விழக் கூடாது. அதைத் திருத்தினால் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

காரணம் என்ற இடத்தில், நான் முதலில் சொன்னபடி, பூ என்றே இருக்கட்டும்.