ஜாங்கிரிக்கு யார் என்ன கொடுத்தது?

...சரி, அந்தத் தாளை இன்னும் ரெண்டு நிமிஷம் கீழே வையுங்க. நம்ம குடியிருப்புக்கு வேலைக்கு வர்றவங்க பையை மெயின் கேட்டுலேயே திறந்து பார்க்கணும்னு தீர்மானம். எட்டு பேர் கையெழுத்துப் போட்டாச்சு, தெரியும். எனக்கும் பேனா நீட்டினாங்க. போடறதுக்கு முன்னாடி ஒரு கதை. சின்னதுதான். எங்க வீட்டுப் பூனையோட கதை.

பூனை பேர் ஜாங்கிரி. சிரிக்காதீங்க... பேர் வச்சப்போ அதுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது! வந்ததுக்கு அப்புறம் என் வீட்டுக்காரர், "பாகற்காய்னு மாத்திடலாமா?"ன்னார். காலையில ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. பதினோரு வயசு. என் கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து என்னோட இருக்கு.

போன ஆடி மாசம் அதுக்கு வயிறு கெட்டுப் போச்சு. ஒரு நாளைக்கு நாலு தடவை. ரெண்டு நாள் கழிச்சு சர்க்கரையும் ஏறுது. எப்பவும் இருநூறு பக்கத்துல நிற்கறது, முந்நூற்றைம்பது... நானூறு... ஊசி அதே ஊசி. சாப்பாடு அதே சாப்பாடு. அப்போ என்ன அர்த்தம்? யாரோ ஏதோ கொடுக்கறாங்க!

யாரு? என் வீட்டுக்காரர் எட்டு மணிக்குக் கிளம்பிடுவார். பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. நான்... நான் கொடுப்பேனா? மிச்சம் யாரு? சமையலுக்கு வர்ற சலேத்மேரி அக்கா.

சந்தேகம் வந்துட்டா கண்ணு எவ்வளவு கூர்மையாகுது தெரியுமா? பால் பாத்திரத்துல மார்க்கர் பேனாவால கோடு போட்டேன். டப்பாவுல ரஸ்க் எண்ணினேன். பூனை வாயை மோந்து பார்த்தேன்... ஆமாம், மோந்து பார்த்தேன்!

"அக்கா, ஜாங்கிரிக்குப் பால் ஏதாச்சும் ஊத்தினீங்களா?"

"இல்லம்மா. நீங்கதான் வேணாம்னு சொன்னீங்கள்ல."

"மறந்தாப்ல... கொஞ்சூண்டு?"

"ஏம்மா, இந்த வாரத்துல மூணாவது தடவை கேக்குறீங்க. பூனைக்குத்தான் வயித்தால போகுது, உங்களுக்குத் தூக்கம் போகுது போல!"

எனக்குச் சுருக்குனு ஆச்சு. தப்பு பண்ணாதவங்க இப்படி எகிறுவாங்களான்னு தோணிச்சு. அமைதியா பதில் சொல்லியிருந்தா? நடிக்கிறாங்கன்னு நினைச்சிருப்பேன்.

பாப்பாவைக் கவனிக்க வச்சிருந்த பழைய போனை ஃபிரிட்ஜ் மேல கேமராவா நிறுத்தினேன். நாலு நாள் பதிவு. சலேத்மேரி அக்கா வர்ற இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூணாம் நாள்... குனியறாங்க! பூனைக் கிண்ணத்துக்கிட்ட குனியறாங்க. கை தெரியல, முதுகுதான் தெரியுது. எனக்கு அது போதாதா? "நாளையிலிருந்து வர வேண்டாம்க்கா"ன்னு வாசல்லயே நிறுத்திச் சொன்னேன். காரணம் கேட்டாங்க. "உங்களுக்கே தெரியும்"ன்னேன்.

அந்தப் பதிவோட பூனை டாக்டர்கிட்ட போனேன். "ஊசி அளவைக் கூட்டிடலாமா சார்? இவங்க கொடுத்துதான் ஏறியிருக்கு, பாருங்க..." அவர் போனை வாங்கினார். நான் வேகமா ஓட்டின இடங்களை அவர் ஓட்டல. முதல்லேர்ந்து பார்த்தார்.

"இந்த நீல நைட்டி யாரும்மா?"

"நான்தான் சார்."

"கையில என்ன பாக்கெட்?"

"அது சும்மா... வயித்துக்கு நல்லது பண்ற பொடி. பாப்பாவுக்கு வாங்கினது. அரை பாக்கெட் சாப்பாட்டுல கலந்து வைப்பேன்."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா. ரெண்டு வேளை."

"என்கிட்ட சொல்லலையே?"

"மருந்து இல்லையே சார்... சத்துதானே?"

கைப்பையில இருந்த பாக்கெட்டை எடுக்கச் சொன்னார். பின்பக்கத்தை என்னையே படிக்கச் சொன்னார். நான் வேதியியல்ல எம்.எஸ்சி. கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்து. முதல்ல சர்க்கரை. ரெண்டாவது பால் பவுடர். கடைசியில, மாம்பழச் சுவை.

"குழந்தைக்குச் சரி. இதுக்குச் சர்க்கரையும் ஏறும், பால் சேராம வயித்துப்போக்கும் நிக்காது. நீங்க சொன்னதை நம்பி நான் ஊசியைக் கூட்டி, நீங்க ஒருநாள் பொடியை நிறுத்தியிருந்தா? சர்க்கரை ஒரேயடியா இறங்கி, வலிப்பு வந்து செத்தே போயிருக்கும்மா."

ஊசியை அவர் மாத்தல. பொடியை நிறுத்தினார். பூனைக்குன்னே இருக்கற, சர்க்கரை இல்லாத ஒண்ணை எழுதிக் கொடுத்தார். அஞ்சாம் நாள் வயித்துப்போக்கு நின்னுது. சர்க்கரையும் பழைய இடத்துக்கு வந்தது.

அப்போ அந்தக் குனிஞ்சது? சலேத்மேரி அக்கா வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"கிண்ணத்துல எறும்பு மொய்ச்சுதும்மா. துடைச்சு வச்சேன். மீன் சாப்பாட்டுல இத்தனை எறும்பு எப்படின்னு உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். நீங்க முகம் கொடுத்தே பேசல."

கேட்டீங்களா? நான் தேடின துப்பு அவங்க கையில இருந்திருக்கு! "திரும்ப வாங்கக்கா"ன்னேன். "வேணாம்மா. இனிமே உங்க வீட்டுல பால் காய்ச்சினா எனக்கு அந்தக் கோடுதான் தெரியும்"னுட்டாங்க.

இப்போ நான் என்ன சொல்ல வர்றேன்? சந்தேகமே படாதீங்கன்னா? இல்லவே இல்ல. சின்னக் குழந்தை வச்சிருக்கேன்... தண்ணியைச் சந்தேகப்படுவேன், பொம்மையோட பெயிண்டைச் சந்தேகப்படுவேன். அது இல்லாம எப்படி வளர்க்கறது? ஆனா நாலு நாள் பதிவுல நான் வர்ற இடத்தை எல்லாம் நானே ஓட்டிவிட்டேன் பாருங்க... ஆபத்து அங்கதான் இருந்தது. பிரியமா கலந்து கொடுத்தா கெடுதல் பண்ணாதுன்னு எனக்கு யார் சொன்னது? நல்லதுன்னு முன்பக்கம் போட்டிருந்தா, பின்பக்கம் திருப்பக்கூடாதா?

பி பிளாக்ல வெள்ளிச் சிமிழ் காணோம்னுதான் இந்தத் தீர்மானம். வருத்தம்தான். நம்ம அலமாரியை நாம எத்தனை பேர் கொட்டிப் பார்த்தோம்? ஒருத்தராவது? பை மட்டும்தான் ஞாபகம் வந்தது... அதுவும் அடுத்தவங்க பை.

சலேத்மேரி அக்கா இப்போ சி பிளாக்ல வேலை செய்யறாங்க. இது நிறைவேறினா, நாளைக் காலையில அவங்க பையையும் திறப்பாங்க. அவங்களை நான் ஒருதடவை வாசல்ல நிறுத்தியாச்சு. ரெண்டாவது தடவைக்கு என் கையெழுத்து கிடையாது. நீங்க போடறதுன்னா போடுங்க... ஆனா நாளைக்கு மெயின் கேட்டுல உங்க பையையும் வரிசையில வையுங்க.