வெருளியின் உயரம்

– உலக்கையை ஏன் புள்ள தூக்கிட்டு வாறாய்? காலில விழுந்தா விரல் நசுங்கும்.

– கள்ளனை வெருட்டக் கட்டுற வெருளிப் பொம்மைக்கு முதுகெலும்பு வேணாமாப்பா? மட்டையில கட்டினா வளையும். நாளைக்கு நீங்க கலியாணம் முடிக்க வாகரைக்குப் போயிருவீங்க. பொறகு ஆரு நிமித்துறது?

– ஒரேயடியாவா போறன் தனுஷா? கலியாணம் முடிச்சா பொஞ்சாதி வீட்டில இருக்கிறதுதானே நம்மட வழமை. உங்கட அம்மாவைக் கட்டக்குள்ளயும் நான் ஒரு பெட்டியைத் தூக்கிட்டு இந்த வீட்டுக்குத்தான் வந்தன். இது உன்ட வீடு. அம்மாட தங்கச்சி, உங்கட சின்னம்மா வந்து கூட இருப்பா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வருவன்.

– அதை நேத்தும் சொன்னீங்க.

– அப்பா, இந்தக் கரிச்சட்டிதான் பேய்ட தலை. மறுகா நான்தான் கண் கீறுவன்.

– கீறு தர்ஷன், சுண்ணாம்பை வாயில வைக்காம கீறு. முகமெல்லாம் கரி. உன்னையே வாசல் கடப்படியில நிப்பாட்டினாக் காணும், கள்ளன் ஓடிருவான்.

– மெய்யாவா? நான் நிக்கட்டா?

– நீ நிண்டபடி நித்திரையாகிருவாய் தம்பி. வந்த கள்ளன்தான் உனக்குப் போர்வை போர்த்தணும்.

– அக்கா எப்பவும் இப்பிடித்தான்.

– சண்டை பிடிக்காதேங்க. உலக்கையை மண் வாளிக்குள்ள நடுவம். தும்புத்தடி குறுக்க, தோளுக்கு. ரெண்டு அகப்பை, ரெண்டு கைக்கு, இழுத்தாக் கை தூக்குற மாதிரி ஒரு நூலும். தங்கூசி நூலால இந்த முடிச்சுப் போட்டா வாவிக்காத்து எவ்வளவு அடிச்சாலும் அவிழாது. வலையில போடுற முடிச்சு.

– ஆள் கட்டையா இருக்கப்பா. வாளிக்குக் கீழ கல்லு வைங்க.

– காணாதா?

– காணாது. இது பொம்புளைப் பேய். எவ்வளவு உசரம் வரணும்?

– என்ட தோளுக்கு வந்தாச் சரி.

– தோளுக்கு மேலயா, கீழயா?

– ஒரு சொட்டுக் கீழ. கொண்டா அந்தக் கல்லை. சட்டிட உச்சி இந்த எலும்பில முட்டணும். ம். இப்ப சரி. என்ட பழைய சேட்டை மாட்டிவிடுவம், மீன் மணத்துக்கே மத்தப் பேயெல்லாம் ஊரை விட்டுப் போகும்.

– சேட்டு வேணாம். இந்தாங்க, இந்தச் சீலை.

– இது எங்க கிடந்தது?

– என்ட தலையணைக்குள்ள. வைச்சுத் தைச்சிருந்தன்.

– உங்கட அம்மா வதனிட சீலையெல்லாம் குடுத்து முடிஞ்சுதெண்டுதான் நான் நினைச்சன். அவ போய்ச் சேரக்குள்ள இவன் தவழுற புள்ள. இந்தச் சீலையிலதான் ஏணை கட்டி ஆட்டினவ. வேற துணி எடு புள்ள.

– ஏன்?

– வெருளிக்குச் சுத்துற சீலையா இது?

– அக்கா, அப்பாக்குப் பயம்.

– பயமில்ல மனே.

– மறுகா ஏன் முடிச்சு அவிழுது?

– நூல் வழுக்குது. சரி, குடு. சுத்திவிடுறன்.

– முன்தானையை என்ன செய்யிறது? தொங்கவிடவா?

– தொங்கவிட்டா நிலத்தில இழுபடும். சுத்தி எடுத்து வலப்பக்க இடுப்பில செருகிருவா. இறால் உரிக்கக் குந்தினாலும் அவிழாது.

– செருகுங்க.

– தனுஷா.

– வலப்பக்கம் எண்டுதானே சொன்னீங்க. செருகுங்கப்பா.

– சரி. செருகியாச்சு. இனி முகத்தை றோட்டுப் பக்கம் திருப்புவம்.

– இல்ல. வீட்டைப் பாத்து நிக்கட்டும்.

– வீட்டைப் பாத்தா? வாறவனை வெருட்டத்தானே வெருளி. உள்ளுக்குப் பாத்து நிண்டா, போறவனைத்தான் வெருட்டும்.

– நிக்கட்டும்.

– விளங்குது புள்ள. விடிய இந்தக் கடப்படியால போறது நான் ஒருத்தன்தான். அம்மாட சீலையைக் கட்டி, அவளை மாதிரியே செருகி, எனக்கு முன்னால நிப்பாட்டப் பாக்கிறாய். அதையும் என்ட கையாலயே செய்விக்கிறாய். 'போகாதேங்க' எண்டு வாயால சொல்ல ஏலாதா உனக்கு?

– சொன்னா நிப்பீங்களா?

– வாக்குக் குடுத்தாச்சு தனுஷா. அந்தப் பொம்புளையும் பாவம், புருசனைக் கடலுக்குக் குடுத்திட்டு இருக்கிறவ. நான் போகாட்டி அவவை ஊர் என்ன சொல்லும்?

– அதான் நான் கேக்கயில்ல.

– அப்பா, நூலை இழுத்தாக் கை தூக்குது, விட்டா அரைவாசியில நிக்குது.

– முடிச்சு இறுகிப் போச்சு. பொறு, தளத்திவிடுறன். எவ்வளவு கீழ வரணும்?

– என்ட தலைக்கு.

– உன்ட தலைக்கா? அப்ப கிட்ட வா. சீலையோட ஒட்டி நில்லு. இப்ப விடு.

– பட்டிட்டு. அக்கா, கை தலையில பட்டிட்டு.

– உனக்குப் பயமில்லையா மனே? கரிச்சட்டி மூஞ்சும் சுண்ணாம்புக் கண்ணுமா முழிச்சுப் பாக்குது.

– நான் மூஞ்சைப் பாக்கயில்ல.

– பின்ன எங்க பாக்கிறாய்?

– இடுப்பை. அக்கா, நான் இடுப்புக்கு வாறன். செருகின இடத்துக்கு வாறன்.

– அப்பா, உங்களை வெருட்ட இல்ல, இவனைப் பாத்து நிக்கட்டும் எண்டுதான். சுவரில இருக்கிற படத்தில அம்மா கழுத்தோட முடிஞ்சு போறா. 'அம்மா நிண்டா நான் எதுமட்டும் வருவன்' எண்டு இவன் ஒவ்வொரு நாளும் கேக்கிறான். நானும் அப்ப சின்னவ, எனக்கு அம்மா பனை உசரம். உங்களுக்குத்தான் அளவு தெரியும். எடுத்தாச்சு. இனி நீங்க போகலாம்.