சிவப்புப் பயறும் தூங்கும் குப்பியும்

– குப்பியில ஒண்ணும் இல்லன்னு நீதானே சொன்ன, பதுரு தங்கச்சி?

– சொன்னேன் பழனியப்பண்ணே. ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்தப்பவும் எய்ட்ஸ் கிருமி ஒங்க ஒடம்புல இருக்குன்னுதான் வந்துச்சு. ஆனா ஒங்க ரத்தச் செல்லைக் குப்பியில வளத்தா கிருமியக் காணோம். ஏன்னு புரியாம லேபுலயே கெடந்தேன்.

– காணோம்னா இல்லன்னுதானே. இந்தா, கார்டு. சிலிம் ரிவர் டவுன்ல எனக்குக் கல்யாணம். ஒங்க வாப்பாவையும் கூட்டிட்டு வா. நம்ம எஸ்டேட்டு ஆளுங்க பாதிப் பேரு வாராங்க.

– மொதல்ல உக்காருங்க.

– மஞ்ச தடவுன கார்டு, தங்கச்சி. கைய மடக்காத.

– எஸ்டேட்டுல பெரட்டு மணி அடிச்சாத்தானே லயத்து வீடுங்கள்ல ஆளு எழும்பும்?

– ஆமா. வேலைக்கு ஆளு கூப்புடுற மணி. அதுக்கென்னா இப்ப?

– நோயோட சண்ட போடுற செல்லும் அப்படித்தான். காய்ச்சல் கண்டா அதுக்கு மணி அடிக்கும். அதுவரைக்கும் படுத்துக் கெடக்கும். இந்தக் கிருமி அந்தச் செல்லோட மரபணுவுலயே தன்னச் சொருகிக்கிச்சு. தனி மணி கெடையாது. செல்லுக்கு அடிச்சா அதுவும் எழும்பும்.

– எழும்பி?

– தன்னப் படியெடுக்கும். மொதல்ல பாதி பாதியில நின்னுரும். ஒண்ணு ரெண்டு முழுசாயிட்டா, அதுல ஒரு புரதம் உண்டாகும். அது திரும்பிப் போயி, நிறுத்தாம எடுன்னு வெரட்டும். அப்பறம் வெள்ளந்தான். என்னா சூட்சுமம் பாருங்க.

– நீ ரசிச்சுச் சொல்ற. அது ஓடுறது என் ஒடம்புல.

– மன்னிச்சிருங்கண்ணே.

– லாரி கவுந்தப்ப ஏத்துன ரத்தத்துல வந்தது. வேற எங்கயும் போனவன் இல்ல நான். இன்னிக்கி வரைக்கும் ஒரு தும்மல் இல்ல. தூங்குறது தூங்கட்டுமே.

– ஒரு சளி போதும், மணி அடிச்சிரும். அதுக்குள்ள நீங்க கட்டிக்கப்போற ராக்காயிக்கும் ஒட்டிருச்சுன்னா?

– அந்தப் புள்ளைகிட்ட என்னான்னு சொல்லுவேன்? எனக்கு மிச்சம் இருக்கறது அந்தக் குப்பி ஒண்ணுதான். அது சும்மாதானே இருக்கு?

– குப்பியில மணி அடிக்க ஆளு இல்ல, அதான். ஐஸ் காச்சாங்ல, துருவுன ஐஸுக்கு அடியில போடுவாங்களே செவப்புப் பயறு...

– வெளையாடுறியா?

– இல்லண்ணே. வேக வைக்காத செவப்புப் பயறுல இருந்து எடுக்குற ஒரு சத்து இருக்கு. அது பட்டா, மணி அடிச்ச மாதிரி செல்லு எழும்பிரும்.

– அதக் குப்பியில ஊத்தாத தங்கச்சி. ஒன் கால்ல விழறேன். கல்யாணம் முடியட்டும், ஊத்தாத.

– போன மாசமே ஊத்திட்டேன், அண்ணே. செல்லு எழும்புச்சு. கூடவே கிருமியும் எழும்புச்சு.