பையில் இருந்த பாவாடை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் துணிப்பை.

"பழைய மொபெட் பாக்கப் போறதுக்கு வீட்டம்மா பாவாடை எதுக்குவே?" என்றார் மற்றவர்.

"சீட்டு உயரம் அளக்கத்தான். பாவாடை நீளத்தை வச்சு அவ கால் நீளம் தெரியும்லா. தோட்டத்துப் பாதை பூரா கல்லு. அவளுக்குக் கால் தரையில எட்டணும்லா."

"அவியளையே கூட்டிட்டு வரலாம்லா?"

"வந்தா, என் வண்டியே போதும்னுருவா. அது பெருசு, அவளுக்குக் கால் எட்டல."

"எட்டுதது சரிவே. கல்லுல சறுக்கி விழுந்தா வண்டியத் தூக்கிருவாங்களா? அதை எப்படி அளப்பீரு?"

பைக்காரர் பாவாடையைப் பைக்குள் அமுக்கி வைத்தார்.

"அது அளந்தாச்சு. போன மழையில என் வண்டி ஓடைக்குள்ள விழுந்துச்சுல்லா, அவதான் ஒத்தையில தூக்குனா. அடியில நான் கெடந்தேன்."