டாலிகஞ்ச் வீட்டில் பூட்டு கிடையாது

நான் மீன் சாப்பிடுகிறவள் இல்லை. இருந்தாலும் செவுளைப் பார்த்தே எது நேற்றைய மீன் என்று சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள், அவர்களுக்காகக் கற்றுக்கொண்டது. நான் எப்படிப்பட்டவள் என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுப்புலக்ஷ்மி. பேங்க் வேலையை விட்டுவிட்டு டாலிகஞ்சில் இந்த வீட்டை ஆரம்பித்தேன். மனநோய்க்கு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்களைச் சொந்த வீட்டில் சேர்த்துக்கொள்ளாவிட்டால், அவர்கள் இங்கே வந்து சேர்ந்து வாழலாம். சமைப்பது, துவைப்பது, சண்டை போடுவது, சமாதானமாவது எல்லாம் அவர்களே. என்னை எல்லோரும் மாஷி என்பார்கள். சித்தி மாதிரி.

என் தம்பி பூட்டிய வார்டு ஒன்றில் செத்துப்போனான். அதனால் எங்கள் வாசலுக்கு நான் பூட்டே வைக்கவில்லை.

இப்போது நடந்ததை விசாரிக்க வந்தவர்கள், இப்படிப்பட்டவர்களைப் பூட்டி வைக்காவிட்டால் இதுதான் நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கேட்டபிறகுதான் நானாகவே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர்கள் சொன்னது பொய். எங்கள் வீடு தோற்கவில்லை.

கோபுவையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பையன், கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். எங்களிடம் வந்தபோது தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். விஷம் கலந்திருக்கிறது என்று அவன் காதில் ஒரு குரல் சொல்லும். நான் அதே டம்ளரில் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுவேன். பிறகு அவன் குடிப்பான். மாதக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. மெல்ல மெல்லத் தேறினான். ரசம் வைத்தான். மேக்னாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தான். மேக்னா வந்தபோது பேச்சையே விட்டிருந்தாள். மறுபடி அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் பாதி தமிழ்.

துர்கா பூஜை முடிந்த வாரம் இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள்.

“மாஷி, நாங்க ரெண்டு பேரும் ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். பெஹாலாவுல ஒரு ரூம் பார்த்தாச்சு” என்றான் கோபு.

“இங்கேயே இருக்கலாமேப்பா.”

“இருக்கலாம் மாஷி. ஆனா இனிமே தேவையில்லையே.”

மேக்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் வரும் மாஷி. சண்டே சண்டே வரும்.”

எங்கள் வீட்டுக்கு வந்து எல்லோரையும் பார்க்கிற டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இதற்காகத்தானே வீட்டை ஆரம்பித்தீர்கள் என்றார். நானும் சிரித்துவைத்தேன். நான் அதற்காக ஆரம்பிக்கவில்லை.

வெளியே போனால் வீட்டுக்காரன் ஒருநாள் கத்துவான். கடைக்காரன் பாகல், பைத்தியம் என்பான். கோபு மறுபடி நோயில் விழுவான். அன்று அவன் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். எப்படியும் விழப்போகிறவன் நான் இருக்கும்போதே விழட்டும் என்று நினைத்தேன். இதில் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அவன் மாத்திரையை நிறுத்திவிட்டு, பார்வைக்கு அதே மாதிரி இருந்த கால்சியம் மாத்திரையைக் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கி, பார்க்காமலே விழுங்கினான்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்புறம் அவனுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு காலையில் அவன் டம்ளரை முகர்ந்து பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பெஹாலா ரூம் கைநழுவட்டும், பழைய மாத்திரையை மறுபடி தொடங்கிவிடலாம் என்றிருந்தேன். சந்தேகப்பட்டால் என்னைத்தான் சந்தேகப்படுவான் என்றும் நினைத்திருந்தேன். அதை நான் தாங்கியிருப்பேன்.

அவன் மேக்னாவைச் சந்தேகப்பட்டான்.

அன்று மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். மேக்னா அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். நான் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தேன். என்னிடம் கற்றுக்கொண்டபடி, அவளே முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினாள்.

“பாரு கோபு, நல்ல தண்ணி.”

“நீதான் கலக்கறே. எனக்குத் தெரியும்.”

தள்ளினான். அவள் படியின் விளிம்பில் நின்றிருந்தாள். என்னைத் தாண்டித்தான் உருண்டு போனாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

கோபு கீழே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஓடப் பார்க்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான். “மாஷி, நான் மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தானே சாப்பிட்டேன்?”

“சாப்பிட்டேப்பா” என்றேன்.

ஆக, மேக்னாவைக் கொன்றது நான். கோபுவின் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள், அந்த மருந்து இருக்காது. நான் அழுவேன் என்று நீங்கள் காத்திருப்பது தெரிகிறது. மேக்னாவுக்காக அழுதாயிற்று. செய்ததற்காக அழமாட்டேன். தேறியவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் எங்கே விழுந்தார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். அவர்களை யாரும் இந்த நாற்காலியில் உட்காரவைப்பதில்லை.

வீட்டை மூடாதீர்கள். இப்போது கோபுவைப் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அந்த அறையைத் திறந்துவிடுங்கள். அவன் குற்றவாளி இல்லை. சரியான மருந்து கொடுத்தால் தேறிவிடுவான், அதை நான் கண்ணால் பார்த்தவள். தேறியதும் டாலிகஞ்சுக்கே அனுப்பிவையுங்கள். எங்கே போகப் பிரியப்படுகிறான் என்று மட்டும் அவனைக் கேட்காதீர்கள்.